பழத்தின் நிறமும் பிள்ளையின் முகமும்

ஆண்டு மலர் வேலை தொடங்கிற காலம் இது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் எத்தனையோ தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு அப்பாவோ அம்மாவோ, பிள்ளைகள் நித்திரையான பிறகு, கணினிக்கு முன்னால் இருந்து படங்களை அடுக்கிக்கொண்டிருப்பினம். சம்பளம் இல்லாத வேலை, நன்றியும் குறைவு. "அவவின்ர மகளின்ர படம் மட்டும் ஏன் ரெண்டு இடத்தில வந்திருக்கு?" என்ற கேள்வி மட்டும் நிச்சயம் வரும். இந்த முறை பத்தி அந்த அப்பா அம்மாக்களுக்குத்தான். திரையில் பார்த்த நிறம் தாளில் ஏன் வருவதில்லை, மென்பொருளுக்குக் காசு கொடுக்காமல் அதை எப்படிச் சமாளிக்கலாம் என்று கதைப்பம்.

என்னட்ட இருக்கிற உதாரணம் பலேர்மோவில் இருந்து. இந்த நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் சியாகுல்லி என்று ஒரு பகுதி இருக்கு. பலேர்மோவைச் சுற்றி இருக்கிற சமவெளிக்குக் 'கொங்கா தோரோ' என்று பெயர், பொற்கிண்ணம் என்று சொல்லலாம். ஒரு காலத்தில் எலுமிச்சை, தோடை, மண்டரின் தோட்டங்களாகக் கிடந்த நிலம், இப்ப பெரும்பகுதி கட்டடம். சியாகுல்லியில் இன்னும் தோட்டங்கள் மிஞ்சி இருக்கு. 1940-களில் இங்க மண்டரின் மரத்தில் தானாகவே ஒரு மாற்றம் வந்தது. மற்ற மண்டரின்கள் முடிகிற நேரத்தில், தை தொடக்கம் பங்குனி வரை பழுக்கிற வகை, விதை குறைவு, நல்ல இனிப்பு. 'தார்தீவோ' என்று அதைச் சொல்லுவினம், பிந்திப் பழுக்கிறது என்று அர்த்தம். ஸ்லோ ஃபூட் இயக்கம் பாதுகாக்கிற பயிர்களில் அதுவும் ஒன்று.

மாசியில் எங்கட பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்க ஒரு தோட்டத்துக்குப் போனவை. மரத்துக்குக் கீழ் பதினொரு பிள்ளைகள், ஆளுக்கொரு பழம், பின்னால் கரும்பச்சை இலை. முன்னட்டைக்கு இதுதான் என்று மலர்க்குழுவில் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னவை. ஃபோனில் அந்தப் படத்தைப் பார்த்தால் பழங்கள் விளக்கு மாதிரி எரியும். அச்சு எப்படி வரும் என்ற முன்னோட்டத்தைத் திரையில் போட்டால் அந்த விளக்கு அணைஞ்சு போகும்.

ஏன் அணையுது? திரை ஒளியால் நிறம் காட்டுது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேரச் சேர வெளிச்சம் கூடும், மூன்றும் முழுசாகச் சேர்ந்தால் வெள்ளை. தாளில் மை இருக்கு. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையும் வெள்ளைத் தாளில் இருந்து வாற வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும், சேரச் சேர இருட்டும். முதலாவது முறைக்கு ஆர்ஜிபி என்று பெயர், இரண்டாவதுக்கு சிஎம்வைகே. இத்தாலி அச்சகங்களில் 'குவாத்ரிக்ரொமியா' என்று கேட்டால் இந்த நாலு மையைத்தான் சொல்லுறினம். பிரான்சில் 'கட்ரிக்ரொமி', ஜேர்மனியில் 'ஃபியர்ஃபார்ப்ட்ருக்'.

மை எவ்வளவு தூரம் போகும் என்பதுக்கு எல்லை இருக்கு. ஐரோப்பாவில் பளபளப்புத் தாளுக்குப் பல வருசமாகப் புழங்கிற ஃபோக்ரா 39 என்ற அளவுகோலில், சியானையும் மஞ்சளையும் 100 வீதம் போட்டால் கிடைக்கிற பச்சை, திரை எண்ணில் ஏறக்குறைய 0, 150, 64. திரை தாற பச்சை 0, 255, 0. சியானும் மெஜந்தாவும் முழுசாகப் போட்டால் 49, 39, 131 என்ற இருண்ட ஊதா நீலம்தான் வரும், திரையின் 0, 0, 255 கிட்டவும் வராது. அதனால்தான் சாமத்தியவீட்டு அல்பத்திலும் அழைப்பிதழிலும் கிளிப்பச்சைச் சேலையும் மின்னுற நீலமும் முதலில் அடிவாங்குது. அரக்கும் மாம்பழ மஞ்சளும் பெரும்பாலும் தப்பிவிடும். ராணிக்கலர் மெஜந்தா மைக்குச் சொந்தக்காரி மாதிரி, அதனால் அதுவும் ஓரளவு தப்பும்.

தோடம்பழ நிறம் இந்த எல்லையில் நிக்கிறது. மெஜந்தா 60, மஞ்சள் 100 போட்டால் திரை எண்ணில் ஏறக்குறைய 239, 125, 0 கிடைக்கும். நல்ல நிறம்தான். ஆனால் இப்ப ஃபோன்கள் அதுக்கும் மேல போய்ப் படம் எடுக்குது. 2016-ல் வந்த ஐஃபோன் 7 தொடக்கம் அந்தக் ஃபோன்கள் பழைய எஸ்ஆர்ஜிபி எல்லையை விட அகலமான நிறப்பரப்பில் படத்தைச் சேமிக்குது. வெயிலில் பிடித்த மண்டரின் அந்த அகலத்தில்தான் எரியுது. அதை மைக்குள் அடக்கும்போது, எல்லைக்கு வெளியில் இருக்கிற எல்லா நிறமும் ஒரே இடத்தில் வந்து குவியும். தோலில் இருக்கிற புள்ளி, வளைவு, நிழல் எல்லாம் போய், பழம் வெட்டி ஒட்டின வட்டக் கடதாசி மாதிரித் தட்டையாக வரும்.

"அப்ப தோடம்பழ நிறத்தைக் குறைச்சால் சரிதானே" என்று யாரும் யோசிப்பினம். நிறக் கருவியில் செம்மஞ்சளை மட்டும் இழுத்துக் குறைக்கிறது இரண்டு நிமிச வேலை. குறைத்துவிட்டு முகங்களைப் பாருங்கோ. பிள்ளைகள் சாம்பல் பூசின மாதிரி நிப்பினம்.

காரணம் இதுதான். மண்ணிறம் என்பது இருண்ட செம்மஞ்சள். வானவில்லில் மண்ணிறத்துக்கு என்று தனி இடம் இல்லை. செம்மஞ்சளின் வெளிச்சத்தைக் குறைத்தால், பக்கத்தில் வெளிச்சமான நிறங்கள் இருக்கும்போது, எங்கட கண்ணுக்கு அது மண்ணிறமாகத் தெரியும். ஆகவே, கணினிக்குப் பழமும் பிள்ளையின் கன்னமும் ஒரே சாயல். ஒன்று வெளிச்சம் கூடினது, மற்றது குறைஞ்சது. படம் முழுக்கச் செம்மஞ்சளைக் குறைக்கிற எந்தத் திருத்தமும் பழத்தோடு சேர்த்து முகத்திலயும் கைவைக்கும்.

இது சின்ன விஷயம் என்று நான் நினைக்கேல்லை. நான் மலர்க்குழுவில் சேர முதல் வந்த ஒரு மலரில் பரிசளிப்புப் படம் ஒன்று இருக்கு. பின்வரிசைப் பிள்ளைகளின் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். புத்தகத்தைக் கையில் வாங்கின ஒரு பிள்ளை விரலால் வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் எங்க?" என்று கேட்டா. தாய் சட்டையை வைத்துத்தான் கண்டுபிடிச்சுக் காட்டினா. வகுப்பில் வேற நிறப் பிள்ளைகளோடு வளருகிற பிள்ளை, தன்ர பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலயாவது தன்ர முகத்தைச் சரியாகப் பார்க்க வேணும்.

இந்தச் சிக்கலுக்குப் பழைய வரலாறும் இருக்கு. கலர் ஃபிலிம் காலத்தில், படம் கழுவுகிற ஆய்வுகூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பா. 'ஷெர்லி அட்டை' என்று அதைச் சொல்லுவினம். அந்தத் தோல் சரியாக வந்தால் எந்திரம் சரி என்று முடிவு. கறுத்த தோலின் நுணுக்கம் அந்தக் கணக்கில் வரேல்லை. மண்ணிறம் சரியாக வரவில்லை என்று சொக்லட் நிறுவனங்களும் மரத்தளபாட நிறுவனங்களும் முறையிட்ட பிறகுதான் ஃபிலிமில் திருத்தம் வந்தது என்பதைக் கனடாவின் ஆய்வாளர் லோர்னா ரொத் பதிவு செய்திருக்கிறா. பல இனத்தவர்களும் இருக்கிற மாதிரி அட்டை 1990-களில்தான் வந்தது. எங்கட அப்பா அம்மாவின்ர கலியாண அல்பங்களைத் திறக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கோ. இப்ப கருவி எங்கட கையில் இருக்கு, எந்த நிறத்தைக் காப்பாற்றுவது என்று நாங்களே தீர்மானிக்கலாம்.

இனி வேலைக்கு வருவம். இரண்டு மென்பொருள் போதும், இரண்டும் இலவசம். படத்துக்குக் கிம்ப், பக்க அமைப்புக்கு ஸ்க்ரைபஸ்.

கிம்ப்பில் சிஎம்வைகே வராது என்று நீண்டகாலமாகச் சொல்லுவினம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்போடு அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. உள்ளுக்குள் அது இன்னும் ஆர்ஜிபியில்தான் வேலை செய்யுது, ஆனால் அச்சு எப்படி வரும் என்று காட்டும், முடிவில் சிஎம்வைகே கோப்பாகவும் தரும். எங்களுக்குத் தேவை அவ்வளவுதான்.

முதல் வேலை, மூலப்படத்தைக் கேட்டு வாங்கிறது. வட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கித்தான் வரும், முன்னட்டைக்கு ஆகாது. மின்னஞ்சலில் மூலக்கோப்பாக அனுப்பச் சொல்லுங்கோ. கிம்ப்பில் திறக்கும்போது, படத்தோடு இருக்கிற நிறக் குறிப்பை வைத்திருக்கவா மாற்றவா என்று கேட்டால், வைத்திருக்கச் சொல்லுங்கோ.

இரண்டாவது, அச்சகத்திட்ட அவையின்ர நிற அளவுகோல் என்ன என்று கேளுங்கோ. ஐசிசி ப்ரொஃபைல் என்று இதைச் சொல்லுவினம். ஒரு குறிப்பிட்ட தாளில் குறிப்பிட்ட மை எப்படித் தெரியும் என்ற அட்டவணை அது. ஐரோப்பாவில் பளபளப்புத் தாளுக்கு 'ஐஎஸ்ஓ கோட்டட் வி2' அல்லது 2015-ல் வந்த 'பிஎஸ்ஓ கோட்டட் வி3' என்று பதில் வரும். பளபளப்பு இல்லாத தாளுக்கு 'பிஎஸ்ஓ அன்கோட்டட் வி3'. ஐரோப்பிய நிற முன்னெடுப்பான இசிஐ இவற்றைத் தன் தளத்தில் இலவசமாகத் தருகுது. கனடா, அமெரிக்கா என்றால் 'க்ராகோல்' என்ற பெயர் வரலாம். அச்சகம் சொல்லுகிற பெயரை எழுதி வையுங்கோ, ஊகிக்க வேண்டாம்.

மூன்றாவது, கிம்ப்பில் இமேஜ் மெனுவுக்குள் கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் சொஃப்ட் ப்ரூஃப் ப்ரொஃபைலாக அந்தக் கோப்பைக் கொடுங்கோ. பிறகு வியூ மெனுவில் ப்ரூஃப் கலர்ஸைப் போட்டால், திரை அச்சைப் போல மங்கும். எல்லைக்கு வெளியில் இருக்கிற நிறங்களை அடையாளம் காட்டுகிற தெரிவும் அங்கேயே இருக்கு. எங்கட சியாகுல்லிப் படத்தில் அதைப் போட்டபோது பழங்களும் ஒரு பிள்ளையின் கிளிப்பச்சைப் பாவாடையும் மட்டும்தான் அடையாளம் பெற்றது. முகம் ஒன்றிலயும் குறி விழேல்லை. அதாவது முகங்களை மையால் நன்றாகவே அச்சிட முடியும், நாங்கள் கெடுக்காமல் விட்டால் போதும்.

நாலாவது, மாற்றும் முறை. கிம்ப் சில முறைகள் தரும், இரண்டு தெரிந்தால் போதும். 'பெர்செப்சுவல்' முறை எல்லா நிறத்தையும் விகிதப்படி உள்ளுக்கு இழுக்கும். பழத்தின் தோல் நுணுக்கம் நிக்கும், ஆனால் முகமும் கொஞ்சம் நகரும். 'ரெலட்டிவ் கலரிமெட்ரிக்' முறை எல்லைக்குள் இருக்கிற நிறத்தை அப்படியே விட்டு, வெளியில் இருக்கிறதை மட்டும் எல்லையில் நிறுத்தும். முகம் நிக்கும், பழம் தட்டையாகும். பிள்ளைகள் இருக்கிற படத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பன், 'பிளாக் பொயின்ட்' தெரிவையும் சேர்த்துப் போடுவன். பழத்துக்கு வேற வழி இருக்கு, முகத்துக்கு இல்லை.

அந்த வேற வழிதான் ஐந்தாவது வேலை, பொறுமை தேவைப்படுகிறதும் இதுதான். பழங்களை மட்டும் தெரிவுக் கருவியால் சுற்றி எடுங்கோ, ஓரத்தைச் சில புள்ளி அளவு மென்மையாக்குங்கோ. நிறத்தை வைத்துத் தானாகத் தெரிவு செய்கிற கருவி முகத்தையும் கையையும் சேர்த்து அள்ளும், ஆகவே கையால் செய்யிறது நல்லது. பிறகு அந்தப் பகுதிக்கு மட்டும் நிறச்செறிவைக் குறைத்துக்கொண்டு வாங்கோ. எல்லை அடையாளம் பெரும்பாலும் மறைகிற இடத்தில் நிறுத்துங்கோ. சாயலை ஒரு துளி மஞ்சள் பக்கம் நகர்த்தினால் பழம் செங்கல் நிறத்துக்குப் போகாது, மஞ்சள் மை நாலிலும் வெளிச்சமானது. அடுத்தது பின்னால் இருக்கிற இலைகளைக் கொஞ்சம் இருட்டாக்குங்கோ. இருட்டுக்குப் பக்கத்தில் பழம் தானாகவே வெளிச்சமாகத் தெரியும். மையால் கூட்ட முடியாத வெளிச்சத்தைப் பக்கத்து நிறத்தால் கூட்டலாம்.

ஆறாவது முகம். நிறம் எடுக்கிற கருவியைக் கன்னத்தில் வைத்து, எண்களைச் சிஎம்வைகே ஆகக் காட்டச் சொல்லுங்கோ. எங்கட தோலில் மஞ்சளும் மெஜந்தாவும் கிட்டத்தட்டச் சமமாக, மஞ்சள் கொஞ்சம் கூட இருக்கும். சியான் அதுக்கு நல்லாக் கீழ இருக்க வேணும். மூன்றும் ஒன்றை ஒன்று நெருங்கினால் முகம் சாம்பல் ஆகும். அச்சில் மைப்புள்ளி தாளில் பட்டதும் கொஞ்சம் பருக்கும். நடுத்தர இருட்டு இன்னும் இருட்டும், பளபளப்பு இல்லாத தாளில் கூடுதலாக. ப்ரொஃபைல் அதைக் கணக்கில் எடுக்கும், ஆனால் நிழலில் நிக்கிற பின்வரிசை முகங்களுக்கு வளைகோட்டுக் கருவியால் நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிடுறது நல்லது. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். பிள்ளையை வெள்ளையாக்கச் சொல்லேல்லை. கண்ணுக்குக் கீழ் இருக்கிற நிழல், சிரிக்கும்போது விழுகிற குழி, இதெல்லாம் தெரிந்தால் சரி.

முடிவில் டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது சிஎம்வைகே என்ற பெட்டியில் சரி போடுங்கோ. மூலப்படத்தை அழிக்காமல் தனியாக வைத்திருங்கோ. மலரை அடுத்த வருசம் வேற தாளில் அச்சிட்டால் மாற்றத்தையும் திரும்பத் தொடங்க வேணும்.

எழுத்தைக் கிம்ப்பில் போட வேண்டாம். திரைக்கறுப்பு மாற்றப்படும்போது நாலு மையும் சேர்ந்த கறுப்பாக வரும், மொத்தம் 300 வீதத்தையும் தாண்டலாம். நாலு தகடும் ஒரு மயிரிழை விலகினால் ழகரச் சுழியைச் சுற்றி நிறம் கசியும், சின்ன எழுத்தில் புள்ளி அடைபட்டுப் போகும். "கண்" என்பதுக்கும் "கண" என்பதுக்கும் நடுவில் அந்த ஒரு புள்ளிதான் இருக்கு. ஸ்க்ரைபஸில் எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 வீதம் என்று வையுங்கோ. 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்புத் தமிழைச் சரியாக அடுக்கும். பழைய 1.4 வைத்திருந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும், அதைத் தூக்கிவிட்டுப் புதுசைப் போடுங்கோ. படங்களை 300 டிபிஐ அளவில் வைத்து, பக்கத்தின் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டுக்கு விட்டு, அச்சகம் கேட்கிற பிடிஎஃப் எக்ஸ் வகையில் ஏற்றுமதி செய்யுங்கோ.

இவ்வளவும் செய்தாலும் திரை திரைதான். ஃபோனை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு தாளோடு ஒப்பிட்டால் எப்பவும் தாள் தோற்கும். ஆகவே முழுப் பிரதிகளும் அடிக்க முதல் முன்னட்டைக்கு ஒரு மாதிரித்தாள் கேளுங்கோ. இத்தாலியில் 'ப்ரோவா கொலோரே' என்று கேட்டால் விளங்கும். அதுக்குக் கொஞ்சம் காசு போகும், ஆனால் முழுப் பிரதிகளையும் திருப்பி அடிக்கிறதோடு பார்த்தால் ஒன்றும் இல்லை. அந்தத் தாளைக் குழல்விளக்குக்குக் கீழ் வைத்துப் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் பாருங்கோ.

பிள்ளைகளையும் இதில் சேர்க்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பூதக்கண்ணாடியும் கடையில் இலவசமாகத் தாற விளம்பரப் புத்தகமும் கொடுங்கோ. தோடம்பழப் படத்துக்குள் செம்மஞ்சள் மையே இல்லை, மெஜந்தாப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும்தான் இருக்கு என்று அவை தாங்களே கண்டுபிடிப்பினம். பிறகு யாராவது ஒருவரின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கோ. அதே புள்ளிகளோடு சியானும் கொஞ்சம் கறுப்பும். அந்த நேரத்தில் செம்மஞ்சள், மண்ணிறம், சாயல், செறிவு என்ற சொற்களையும் சொல்லிக்கொடுக்கலாம். கையில் பொருள் இருக்கும்போது படித்த சொல் மறக்காது. பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள் என்றால் பழங்களைச் சுற்றித் தெரிவு செய்கிற வேலையை அவையிட்டயே விடுங்கோ. அவையின்ர கை எங்களை விட வேகம், தங்கட மலர் என்ற பிடிப்பும் வரும்.

எங்கட முன்னட்டையில் பழங்கள் ஃபோனில் இருந்த அளவு எரியேல்லை. ஆனால் பதினொரு முகமும் தனித்தனியாகத் தெரியுது, பின்வரிசையில் நிக்கிற சின்னவனின் விழுந்த பல்லின் இடம் உட்பட. யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பினால், அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தேடப் போறது பேரப்பிள்ளையைத்தான். பழம் என்ன நிறம் என்று பிறகு கேட்பா.

மலரில் எந்தத் தமிழ் எழுத்துரு சின்ன அளவிலும் தெளிவாக நிக்கும் என்று அடுத்த முறை கதைப்பம்.